சஷ்டி விரதத்துக்காக நான் நிறுத்திய குளிசை

என்னோடு ஒரே சந்நிதியில் நின்று கும்பிடுகிற சகோதரிகளே, அண்ணைமாரே, இதை எழுதத் தொடங்குமுன் என் மகள் ஆரணியிடம் போனில் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ அம்மா. ஆனா வாசிக்கிறவை அழவேணும் எண்டு ஒண்டும் கூட்டி எழுதாதேங்கோ, வெக்கமா இருக்கெண்டு குறைச்சும் எழுதாதேங்கோ" என்றாள். கூட்டவில்லை. குறைக்காமல் எழுதுவதுதான் கஷ்டம். முருகன் என் குரலைக் கேட்டான் என்று சொல்லத்தான் வந்தேன். அவன் கேட்கும்வரை நான் செய்த வேலைகளை மறைத்துவிட்டு அதை மட்டும் சொன்னால், அது அவனையும் ஏமாற்றுவதாகிவிடும்.

நாற்பத்தொரு வயதில் எனக்கு இடுப்பு நோ, தீராத வலி, தொடங்கியது. கனடாவில், ஸ்காபரோவில் பாண் சுடுகிற ஒரு ஃபக்டரியில் பெல்ட்டில் வருகிற தட்டுகளைத் தூக்கி அடுக்குகிற வேலை. பதினொரு வருடம் தூக்கினேன். ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை, காலைப் பிறேக்குக்குக் கொஞ்சம் முன்னால், தட்டோடு திரும்பினேன். இடுப்பிலிருந்து வலது குதிக்கால் வரைக்கும் நெருப்பு இறங்கியது. தட்டை விடவில்லை. அதைப் பத்திரமாக அடுக்கில் வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். என் குணம் அப்படி.

அதன் பிறகு எக்ஸ்ரே, ஸ்கான், ஊசி, பிசியோ என்று இரண்டு வருடம் போனது. கடைசியாகப் பார்த்த பெரிய டொக்டர், ஒப்பரேஷன் செய்து வெட்டினாலும் பெரிய பலன் வராது, இந்த நோவோடு வாழப் பழகுங்கள் என்றார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒரு வசனத்துக்காக அவரை எத்தனை நாள் மனதுக்குள் திட்டினேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் வாழலாம், ஒரு கிழமை வாழலாம். நின்றாலும் நோ, இருந்தாலும் நோ, படுத்தாலும் நோ என்றால் ஒரு மனுசி எப்படிப் பழகுவாள்?

நோவை ஆட்களுக்குச் சொல்லலாம். அதற்குப் பின்னால் வந்ததைச் சொல்ல முடியவில்லை. மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்டின் திரைச்சீலையை நான் திறக்கவில்லை. தலை சீவி இழுக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சீலை உடுத்து, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு போனேன். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். காலையில் கண் திறக்கும்போது, ஐயோ, இன்றைக்கும் எழும்பிவிட்டேனே என்று இருக்கும். என் கணவர் லொறி ஓட்டுகிறவர். வின்னிபெக், கல்கரி என்று போனால் பத்து நாளுக்கு வீட்டில் இல்லை. அவர் வரும் நாளில் எழுந்து சமைத்துவிடுவேன். அவருக்குத் தெரியவே இல்லை.

தெரிந்த ஆள் ஒன்றுதான். ஆரணி. எனக்கு நோ வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது.

எனக்கு ஃபக்டரி ஆங்கிலம் வரும். தூக்கு, வை, முடிந்தது, நாளைக்கு எத்தனை மணி என்பதெல்லாம் வரும். டொக்டரிடம் கதைக்கிற ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று டொக்டரின் கந்தோரில் கேட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுக் கதை ஊருக்குப் போய்விடும் என்ற பயம். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு எடுக்கவைத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறோம். பிள்ளைக்கு ஆங்கிலம் நல்லாக ஓடுகிறது என்று பெருமையும் பட்டுக்கொள்கிறோம். நானும் பட்டேன்.

அந்த அறையில் டொக்டர் நீண்ட நேரம் ஏதோ கேட்பார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, கவலையா இருக்கோ எண்டு கேக்கிறார்" என்பாள்.

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லு."

நான் சொன்னது ஒரு வசனம். அவள் டொக்டரிடம் சொல்வது ஐந்தாறு வசனம் வரும். டொக்டர் என்னைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். ஏன் இவ்வளவு நீளம் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது எத்தனையோ தரம் அந்த அறைக்கு மனதில் திரும்பிப் போய்க் கேட்கிறேன்.

ஆரணிக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது டொக்டர் ஒரு புதுக் குளிசை எழுதினார். மாவு அடைத்த கப்சியூல். "நரம்பு நோவுக்கு" என்றாள் மகள். மருந்துக்கடைக்கு அவளே போய் எடுத்து வருவாள். இரண்டு மாதத்தில் நோ பாதியாகக் குறையவில்லை, ஆனால் அதன் கூர் போயிற்று. ஒருநாள் காலையில் திரையைத் திறந்தேன். ரசம் வைத்தேன். கோயிலில் முன்னையைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக நின்று கும்பிட்டேன். முருகன் கண் திறந்துவிட்டான் என்று எல்லோருக்கும் சொன்னேன். குளிசை பற்றி ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இப்படியே மூன்று வருடம் போனது. ஆரணிக்கு வேறு ஊரில், வாட்டர்லூ யூனிவர்சிட்டியில் படிக்க இடம் கிடைத்தது. அவள் போகவில்லை, ஸ்காபரோவிலேயே படிக்கிறேன் என்றாள். பிள்ளைக்கு அம்மாவில் எவ்வளவு பாசம் என்று எனக்குச் சந்தோசம். டொக்டரிடம் யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கவலையில்தான் அவள் நின்றாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மாதம் கந்தசஷ்டி வந்தது. நோ வந்தபின் நான் விரதம் பிடிக்கவில்லை. இப்போது கொஞ்சம் சுகம். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, மீதி நோவையும் கேட்டு வாங்கிவிடுவோம் என்று நினைத்தேன். முதல் நாள் மாலை கோயிலில் சாந்தி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறவர். கதையோடு கதையாக, இந்தக் கப்சியூல்களின் மேல்கூடு மாட்டெலும்பு காய்ச்சிச் செய்வது, விரதகாரர் யோசித்துத்தான் எடுக்கவேண்டும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மடியில்தான் வந்து விழுந்தது.

மூன்று வருடமாக மாட்டை விழுங்கிவிட்டா முருகா முருகா என்றேன்? வீட்டுக்கு வந்து போத்தலை அலுமாரியின் பின்பக்கம் தள்ளிவைத்தேன். டொக்டரைக் கேட்கவில்லை. மருந்துக்கடையைக் கேட்கவில்லை. ஆரணியிடம் சொல்லவில்லை. ஆறு நாள்தானே என்றுகூட நினைக்கவில்லை, இனி வேண்டவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இந்தப் பிழை முழுக்க என்னுடையது.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்தது. காரணம் இல்லாமல் அழுகை வந்தது. காலில் பழைய நெருப்பு திரும்பி வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முருகன் சோதிக்கிறான், வினை வெளியேறுகிறது என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆறாம் நாள், சூரன்போர். ஆரணி பின்னேரம் என்னைக் காரில் கொண்டுவந்தாள். கோயில் பார்க்கிங்கில் மழையும் பனியும் கலந்து கொட்டியது. நான் இறங்கப் போய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அம்மா, என்ன செய்யுது?"

"தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரிக் கிடக்கு. ஒண்டுமில்லை, விரதம் தானே."

அவள் முகம் மாறியது. "அம்மா, குளிசை எடுக்கிறீங்களோ?"

"நிப்பாட்டிட்டன். உது மாட்டெலும்பில செய்யிறதாம்."

"எத்தின நாளா? அம்மா, எத்தின நாளா?"

"ஆறு நாள். நரம்புக் குளிசை தானே, நான் என்ன செத்தா போனன்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். "உது நரம்புக்கு மட்டும் இல்லை அம்மா. டிப்ரெஷனுக்கும் தான். நான்தான் டொக்டரிட்ட சொன்னனான். நீங்கள் எழும்பாமக் கிடந்தது, சாகவேணும் எண்டு புறுபுறுத்தது, எல்லாம் சொன்னனான்."

என் பிள்ளை எனக்காக மூன்று வருடம் தூக்கிய பொய்யை இறக்கிவைத்தாள். நான் என்ன செய்திருக்கவேண்டும்? அவளைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். நான் கையை ஓங்கினேன். ஓங்கியதோடு நிற்கவில்லை, கன்னத்தில் அடித்தேன். திருநீறு பூசிய கையால், கோயில் வாசலில் வைத்து. "என்னை விசரி எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டியோ, பைத்தியக்காரியெண்டு?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. "இதுக்குத்தான் சொல்லேல்லை" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதே விளங்கியது. அவளுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு நான் குசினியில் நின்று சொன்ன சொல். "விசர்க் குளிசை போடுறாளாம். உவையின்ர பிள்ளையளை நாளைக்கு ஆர் கலியாணம் கட்டுவினம்?" ஆரணி அப்போது மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே இருந்தேன்.

விளங்கியும் நான் மகளைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போனேன். உள்ளே போய் முன்வரிசையில் நின்று, சூரன் தலை மாற்றி மாற்றி வருவதைப் பார்த்து, அரோகரா என்று கத்தினேன். யாருடைய ஆணவத்தை அழிக்கச் சொல்லிக் கும்பிட்டேனோ தெரியாது. வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அவள் காரை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைத்திருந்தாள். வீட்டுக் கதவடியில் என்னை இறக்கிவிட்டு, வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பாறணை. ஆறு நாள் விரதகாரர் காலையில் சமைத்துப் படைத்து விரதம் முடிக்கிற நாள். அரிசியைக் கழுவி வைத்தேன். கத்தரிக்காயை எடுத்தேன். கத்தி கையில் நிற்கவில்லை. குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை, எழும்ப விருப்பமும் இல்லை. நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விடுதலை என்று ஒரு நினைப்பு வந்தது. அது வெறும் கவலை இல்லை. என் உயிரோடு விளையாட வந்த நினைப்பு. எனக்கே பயமாக இருந்தது.

ஆறு வருடமாக நான் கும்பிட்ட கும்பிடு எல்லாம் ஒன்றுதான். நோவை எடு. அந்த நிலத்தில் இருந்து முதல்தரம் வேறு ஒன்று கேட்டேன். "முருகா, நோ கிடக்கட்டும். நான் மறைச்சது காணும், போதும். ஆருக்காவது உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாயைத் தா." சத்தமாகத்தான் சொன்னேன். வீட்டில் ஒருவரும் இல்லை.

நான் அற்புதக் கதை சொல்கிறவள் இல்லை. மயில் வரவில்லை, சேவல் கூவவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மருந்துக்கடைப் பொடியன், நம் ஆள்தான்.

"அன்ரி, உங்கட மருந்து ரெடியாக் கிடக்கு. மகள் வழமையா வாறவ, வரேல்லை. அதுதான் போன் எடுத்தனான்."

வைக்கிறேன் தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாம் வந்துவிட்டது. கப்சியூல், மாட்டெலும்பு, கரண்ட், மகளை அடித்தது, ஒன்றும் விடாமல் கொட்டினேன். அவர் இடையில் மறிக்கவில்லை. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அன்ரி, ஒண்டு நேர கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உயிரை விடுவம் எண்டு நினைப்பு வருதோ?"

எனக்கு விளங்குகிற மொழியில், வளர்ந்த ஆள் ஒருவர், நேராக என்னைக் கேட்ட முதல் நாள் அது. "ஓம் தம்பி, வருது" என்றேன். சொன்ன உடனே மூச்சு விட முடிந்தது.

"இப்ப தனியா இருக்காதேங்கோ. இந்த மருந்தைத் திடீரெண்டு நிப்பாட்டினா இப்பிடி வரும். உங்கட பிழை மட்டும் இல்லை. கூடு பிடிக்காட்டி டொக்டரோட கதைச்சு வேற வழி பாக்கலாம். இண்டைக்கே எமேர்ஜென்சிக்குப் போகவேணும். மகளுக்குப் போன் அடிக்கட்டோ?"

"வேண்டாம் தம்பி. அவள் என்னைத் தூக்கினது காணும்."

அப்படியென்றால் யார்? யோசித்தேன். அதே கட்டடத்தில் இருக்கிற சாந்தி அக்காவின் பெயர்தான் வந்தது. மருந்துக்கடைத் தம்பி போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்க, நான் கணவரின் பழைய போனில் அக்காவைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அக்கா பாறணைச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். விசயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ பிள்ளை, நான் கேள்விப்பட்டதை வாய்க்கு வந்தபடி சொன்னனான். நானே நாளுக்கு ரெண்டு மீனெண்ணைக் கப்சியூல் போடுறனான்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சஷ்டியிலுமோ அக்கா என்று கேட்டேன். அவர் என் சப்பாத்தைத் தேடினார். அக்காவை நான் இன்றைக்கும் குறை சொல்வதில்லை. அவர் சொன்னது ஒரு வசனம். மிச்சத்தைச் செய்தது நான்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிற ஒரு பெண்ணைப் போனில் பிடித்துத் தந்தார்கள். பேச்சைக் கேட்டால் மட்டக்களப்புப் பக்கம். பெயர் தெரியாது, முகம் தெரியாது. நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். என் வீட்டுக் கதை ஊருக்குப் போகவில்லை. போயிருந்தாலும் என்ன? நாலு நாள் அங்கே இருந்தேன். கணவர் பாதி வழியில் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கட்டிலருகே இருந்து, "எனக்கொரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று அழுதார். அவரை அப்படி நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள் ஆரணி வந்தாள். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. சாப்பிட்டியோ என்று கேட்போம், அத்தோடு சரி. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். பிறகு அவள் கையைப் பிடித்து, "நான் அடிச்சது பிழை. அதுக்கு முதலே நிறையப் பிழை. என்னை மன்னி" என்றேன்.

அவள், "ஐ வாஸ் தேர்ட்டீன், அம்மா" என்றாள். "நான் சொல்லுறதில ஒரு சொல்லு மாறினா நீங்கள் செத்துப்போவீங்களெண்டு நினைச்சுக்கொண்டு அந்தக் கதிரையில இருந்தனான்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இது நடந்து மூன்று வருடம். நோ போகவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு தரம் எழும்பி நடந்துவிட்டு வந்தேன். குளிசை எடுக்கிறேன். மேல்கூடு விலங்கில் செய்யாத வகை ஒன்று டொக்டர் தேடித் தந்தார். கேட்ட ஒரு நிமிடத்தில் தீர்ந்த விசயம் அது. சஷ்டியிலும் பாலோடு எடுக்கிறேன். கிழமைக்கு ஒருமுறை தமிழில் பேசுகிற ஆலோசகர் ஒருவரிடம் போகிறேன். முருகன் சூரனைக் கொன்றான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தேன். அவன் கொல்லவில்லையே, மயிலாக்கிக் கீழே வைத்துக்கொண்டான். என் நோவும் அப்படித்தான் கிடக்கிறது. சில நாள் நான் மேலே, சில நாள் அது மேலே.

ஆனால் என் பிள்ளையின் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரையான ஆறு வருடத்தை முருகனாலும் திருப்பித் தர முடியாது. கேட்டுப் பார்த்தேன். அந்த வேண்டுதலுக்கு மட்டும் பதில் இல்லை. நான் ஆஸ்பத்திரியால் வந்த அடுத்த வருடம் அவள் வாட்டர்லூவுக்கு மாறிப் படிக்கப் போனாள். நானே பெட்டி அடுக்கிக் கொடுத்தேன்.

அடியார்களே, உங்களில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், சொல்லுங்கள். டொக்டருக்கு, மருந்துக்கடைக்கு, பக்கத்து வீட்டுக்கு, யாருக்காவது. விரதத்துக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெற்ற பிள்ளையின் வாயால் உங்கள் நோயைச் சொல்லவைக்காதீர்கள். கோயிலுக்கு வாருங்கள், கும்பிடுங்கள், அழுங்கள். அவன் கேட்பான். ஆனால் அவன் அனுப்புகிற உதவி, நீங்கள் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த இடத்துக்குத்தான் வரும். கதவைச் சாத்தாதீர்கள்.

போன மாசி மாதம் ஆரணி போன் எடுத்தாள். "அம்மா, எனக்கும் கொஞ்சக் காலமாச் சரியில்லை. எழும்ப ஏலாமக் கிடக்கு" என்றாள். வேறு யாருக்கும் முன்னம் எனக்குச் சொன்னாள். கண்ணூறு, கிரகம், படிப்புக் களைப்பு என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. "நான் வாறன்" என்றேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். இடுப்பு வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. அவள் படிக்கிற இடத்து டொக்டரிடம் இருவரும் போனோம். உள்ளே கூப்பிட்டதும், நான் வெளியே இருக்கட்டோ என்று கேட்டேன். வாங்கோ என்றாள். கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். டொக்டர் கேட்டார். என் மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். வேகமான ஆங்கிலம், எனக்குப் பாதி விளங்கவில்லை. அவள் எனக்காகக் கதைக்கவில்லை. தனக்காகக் கதைத்தாள். முருகா, இதற்கு மேல் உன்னிடம் நான் என்ன கேட்பேன்?